பன்னிரண்டாவது மருந்து

காய்ச்சல் என்று நான்கு பேரிடம் சொன்னால் மூன்று பேர் டாக்டரைப் பார்க்கச் சொல்வார்கள், ஒருவர் கஷாயம் சொல்வார். தலை அரிக்கிறது என்று நான்கு பேரிடம் சொன்னால் ஐந்து மருந்து வரும். டாக்டர் என்ற பேச்சே வராது. முப்பத்து நான்கு வருடம் புள்ளிவிவரப் பிரிவில் உட்கார்ந்து கிணறு, கறவை மாடு, மல்லாட்டை போட்ட ஏக்கர் என்று எண்ணி ஓய்வு பெற்றவன் நான். ஆகவே இந்த விகிதத்தை நம்பலாம். (ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுவது ஓயவில்லை. எங்கள் வீட்டு மாடிப்படி பதினேழு. தினமும் பதினேழுதான். இருந்தாலும் எண்ணித்தான் ஏறுகிறேன், எண்ணித்தான் மூச்சு வாங்குகிறேன்.)

தொண்ணூற்றாறில் எனக்கு நாற்பத்தைந்து வயது. விழுப்புரம் தனி மாவட்டமாகி மூன்று வருடம். அலுவலகத்தில் எல்லாப் பதிவேட்டையும் புதிதாக எழுதிக்கொண்டிருந்தோம். அந்த மும்முரத்தில்தான் என் தலை அரிக்கத் தொடங்கியது. முதலில் காதுக்கு மேலே, பிறகு உச்சி, பிறகு பிடரி. நான்காம் நாள் தோல் சிவந்து, சீப்பு பட்டாலே எரிந்தது. ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கும் பதினோரு மணிக்கும் இடையில் அறுபத்து நான்கு முறை சொறிந்தேன். எப்படித் தெரியும் என்றால், ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே சொறிந்தேன். மாட்டுக் கணக்கு சரிபார்க்கிறேன் என்று மேலதிகாரி நினைத்துக்கொண்டார்.

காரணம் தெரியவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன்.

முதல் மருந்து என் மனைவி சரோஜாவுடையது. வெந்தயத்தை ஊறவைத்து அரைத்துப் பூசினாள். இரண்டாவது பக்கத்து வீட்டிலிருந்து வந்தது, மூன்று நாள் புளித்த தயிர். கோலியனூரிலிருந்து தினமும் சைக்கிளில் வரும் எங்கள் அலுவலக உதவியாளர் ஒரு பை வேப்பிலையோடு வந்தார். தட்டச்சர் அம்மாள் செம்பருத்தி இலை. அதன் பிறகு சோற்றுக் கற்றாழை, சின்ன வெங்காயச் சாறு, எலுமிச்சை, வேப்பெண்ணெய், பொடுதலை இலைச் சாறு, சோறு வடித்த கஞ்சி. பதினொன்றாவதாக, உடம்புச் சூடுதான் காரணம் என்று முடிவுகட்டிய ஒருவர் கேப்பை மாவைக் கரைத்துப் பூசச் சொன்னார். எதையும் இரண்டு நாளுக்கு மேல் விட்டுவைக்கவில்லை. சில நாட்கள் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மறுநாள் பத்து மணிக்குத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு கோடு போடுவேன். வெந்தயம் ஒன்பது சொறிதலைக் குறைத்தது. தயிர் ஆறு. வேப்பிலை பதினொன்று. கற்றாழை பன்னிரண்டு. எலுமிச்சை குறைப்பதற்குப் பதில் இருபது கூட்டியது. அதைக் கணக்கெடுப்புப் பிழை என்று ஒதுக்கிவிட்டேன். (அலுவலகப் பழக்கம்.)

இதெல்லாம் எந்த நேரத்தில் என்றால், என் மகள் உமாவுக்குத் திண்டிவனத்தில் ஒரு வரன் கூடி வந்த நேரத்தில். பையன் பம்பாய்ப் பக்கம் வேலை. பன்னிரண்டு நாள் விடுப்பில் வந்திருந்தான். பெண் பார்த்துவிட்டுப் போய், பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உமா அந்த வாரத்தில் மட்டும் பையனின் புகைப்படம் இருந்த கவரை அலமாரியில் நான்கு இடம் மாற்றி வைத்திருந்தாள். நாங்கள் வெள்ளிக்கிழமை திண்டிவனம் போய் அவர்கள் வீட்டைப் பார்த்து, கை நனைத்துவிட்டு வர வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்த வீட்டில் இலை போட்டுச் சாப்பிடும்வரை எல்லாம் வெறும் பேச்சு. சாப்பிட்டு எழுந்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது. பையன் புறப்படுவதற்குள் முடிக்காவிட்டால், மயிலம் பக்கத்தில் இன்னொரு பெண் வீட்டார் தயாராகக் காத்திருக்கிறார்கள் என்று தரகர் இரண்டு முறை சொல்லியிருந்தார். இரண்டு முறையும் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

புதன்கிழமை காலை ஒரு மணி நேரத்துக்கு நாற்பத்தொன்பது என்று கணக்கு நின்றது. இந்தத் தலையோடு சம்பந்தி வீட்டில் உட்கார முடியாது. பழைய தாளையெல்லாம் எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். எலுமிச்சை நீங்கலாக, பத்து மருந்தும் குறைத்தது மொத்தம் எழுபத்தொன்று. என் அரிப்போ அறுபத்து நான்கு. ஆக, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பூசினால் அரிப்பு முழுவதும் போய், ஏழு மீதியும் இருக்கும். நாற்பத்தைந்து வயதுக்காரன், பட்டதாரி, இப்படி ஒரு கணக்குப் போட்டேன் என்பதை என் பேரப்பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை. (அவர்களுக்குத் தெரியும். உமா சொல்லியிருக்கிறாள்.)

விடுப்பு எடுத்தேன். சரோஜா அம்மியில் அரைத்தாள். எலுமிச்சையையும் விடாமல் பதினொன்றும் சேர்ந்தன. அதைத் தனியாக விட்டால் கொடுத்தவர் மனம் நோகும். பச்சையும் பழுப்புமாக ஒரு விழுது. செம்பருத்தியின் வழவழப்பு, வெந்தயத்தின் பிசின், கஞ்சி, கேப்பை மாவு. வேட்டிக்குப் போடுகிற கஞ்சியே காய்ந்தால் விறைக்கும் என்பது அந்த நேரத்தில் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. ஒரு மணி நேரம் ஊற வேண்டும். மின்விசிறிக்குக் கீழே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தேன். இருபத்திரண்டு நாளில் முதல் முறையாக அரிக்கவில்லை. அந்தச் சுகத்தில் தூங்கிவிட்டேன். தூங்குகிறவரை எழுப்ப வேண்டாம் என்று சரோஜாவும் விட்டுவிட்டாள். எழுந்தபோது மூன்று மணி நேரம் பத்து நிமிடம் ஆகியிருந்தது. தலையைத் தட்டினால் சத்தம் வந்தது.

என் அப்பாவுக்கு அப்போது எழுபத்து நான்கு வயது. சன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து, விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார்.

“தலைமேல அடை சுட்டு வச்சிருக்கியேடா” என்றார்.

பதினாறு குடம் தண்ணீர் ஊற்றினோம். இரண்டு சீப்பு உடைந்தன. விழுது கரைந்து போன இடத்தில் வெந்தயப் பொருக்கு நின்றது. அதை இழுத்தால் தோலோடு வந்தது. வெங்காயமும் வேப்பெண்ணெயும் கலந்த வாசனை வீட்டில் நிரம்பி, எதிர் வீட்டுக்காரர் வந்து என்ன பொசுங்குகிறது என்று விசாரித்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை காலை தெருமுனை முருகேசன் கடைக்குப் போனேன். முருகேசன் அதிகம் பேசாத ஆள். தண்ணீர் தெளித்து, ஒரு பக்கம் முடியை விலக்கிப் பார்த்துவிட்டு, கண்ணாடி வழியாக என் முகத்தைப் பார்த்தார்.

“டை அடிக்கிறீங்களா சார்?”

“இல்லையே” என்றேன்.

கிண்ணத்துத் தண்ணீர் கறுப்பாக இருந்தது. அவர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

வேறு வழியில்லை, மொத்தமாக எடுத்துவிட வேண்டியதுதான் என்றார். குனிந்து உட்கார்ந்தேன். கத்தி பட்ட இடமெல்லாம் காற்றுப் பட்டது. அந்த நிம்மதியில் அவர் எதையோ கேட்க, நானும் தலையை ஆட்டினேன். மீசையையும் எடுக்கவா என்று கேட்டிருக்கிறார். நிமிர்ந்தபோது அதுவும் போயிருந்தது. கடைசியில் சிறு கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்தார்.

“கொஞ்சம் பூசிக்கோங்க சார். பாக்குறவங்களுக்கு நல்லா இருக்கும்.”

பதினொன்று பூசியாகிவிட்டது, பன்னிரண்டாவதாக ஒரு பொட்டுகூட இந்தத் தலையில் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் சரோஜாவும் சந்தனம் பூசச் சொன்னாள். அவளிடமும் அதையே சொன்னேன். என் வாழ்க்கையில் நான் உறுதியாக நின்ற சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பினோம். நான், சரோஜா, அப்பா. பேருந்து நிலையத்தில் அப்பா நின்றுவிட்டார். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது, நீங்கள் இருவரும் முன்னால் போங்கள், அடுத்த வண்டியில் வருகிறேன் என்றார். சாஸ்திரம் சரிதான். ஆனால் சொல்லும்போது மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டுதான் சொன்னார். விக்கிரவாண்டி தாண்டும்வரை எங்கள் இருக்கைக்கு முன்னும் பின்னும் யாரும் உட்காரவில்லை. கூட்டேரிப்பட்டில் ஏறிய ஒருவர் உட்கார்ந்து, எழுந்து, நின்றுகொண்டே வந்தார்.

பதினொன்று நாற்பதுக்குச் சம்பந்தி ஏகாம்பரம் வீட்டு வாசலில் நின்றோம். மாக்கோலம் போட்டிருந்தது. உள்ளே பாயசம் கொதிக்கும் வாசனை. ஏகாம்பரம் வெள்ளைச் சட்டையில் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். பெரிய மனிதர் என்ற மரியாதைக்காக, என் தலையில் போட்டிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

அவர் சிரிப்பு நின்றது. என் தலையைப் பார்த்தார். மீசை இருந்த இடத்தைப் பார்த்தார். எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று தெருவைப் பார்த்தார். பிறகு துண்டின் நுனியை வாயில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். “வாங்க” என்ற வார்த்தை வரவில்லை.

எனக்கு முகம் சுண்டிப்போனது. வாசனை அவ்வளவு தூரம் அடிக்கிறதா என்று சரோஜாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

கூடத்தில் இருந்த நாற்காலிகளை யாரோ உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள். பாய் விரித்தார்கள். ஏகாம்பரம் எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். குனிந்த தலை நிமிரவில்லை. என் மேலிருந்து காற்று அவர் பக்கம் வீசக்கூடாதே என்று நான் சன்னல் பக்கம் நகர்ந்தேன். அவரும் கொஞ்சம் நகர்ந்தார். பன்னிரண்டு மணிக்குப் பாயசத்தின் வாசனை நின்றுவிட்டது. யாரோ அடுப்பை அணைத்திருக்கிறார்கள். அப்பா பின்னால் வருகிறார் என்று சொல்ல இரண்டு முறை வாயைத் திறந்தேன். திறந்தால் வெங்காயம் வருமோ என்று மூடிக்கொண்டேன்.

உள்ளே சரோஜாவின் நிலைமை இன்னும் மோசம். ஏகாம்பரத்தின் அக்கா பவுனம்மாள் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்து, முதுகைத் தடவிக்கொடுத்தாராம். கூடமாட ஏதாவது செய்கிறேன் என்று எழுந்தால், “நீ ஒண்ணும் தொட வேணாம்மா, சும்மா உக்காரு” என்று தடுத்துவிட்டாராம். எனக்கு வந்திருப்பது தொற்றுநோய், அது தனக்கும் இருக்கும் என்று நினைக்கிறார்கள் என்று சரோஜா எண்ணிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்துப் பவுனம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்படி ஒரு மணி நேரம் பத்து நிமிடம். நடுவில் ஒரு சொம்புத் தண்ணீர் வந்தது. அதையும் கையில் கொடுக்கவில்லை, பாயின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். சுவரில் மூன்று காலண்டர், ஒரு கடிகாரம், கதவில் ஆறு கம்பி. உமாவின் முகம் வந்து வந்து போனது. அந்த மனிதருக்கு என் தலை பிடிக்கவில்லை என்றால் அதற்கு என் பெண் என்ன செய்வாள் என்று நினைத்தேன். கை நனைக்காமல் எழுந்தால் அவளிடம் போய் எப்படிச் சொல்வது? உன் அப்பன் தலையில் பதினொன்று பூசினான், அதனால் உனக்குக் கல்யாணம் இல்லை என்றா?

கடைசியில் ஏகாம்பரம் தொண்டையைச் செருமினார்.

“சார், தப்பா நினைச்சிக்காதீங்க. இப்ப ஒண்ணும் பேச வேணாம். ஒரு வருஷம் போவட்டும்.”

ஒரு வருடம்.

“ஒரு வருஷமெல்லாம் எதுக்குங்க? ரெண்டு வாரத்துல சரியாயிடும்” என்றேன்.

அவர் முதல் முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் சர்வீஸில் எந்த மேலதிகாரியும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. உள்ளேயிருந்து பவுனம்மாளின் குரல் கேட்டது. மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்.

“மழிச்ச பச்சைகூட மாறல, பெத்தவரு போய் பதினாறுகூட முடிஞ்சிருக்காது, சம்பந்தம் பேசக் கெளம்பி வந்துட்டாங்க. இன்னா ஜனமோ.”

எனக்கு அது உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. என் கை தானாக மேலே போனது. தலையில் முடி இல்லை. உதட்டுக்கு மேல் மீசை இல்லை. நெற்றியிலிருந்து பிடரிவரை ஒரு பொட்டுச் சந்தனம் இல்லை. மேல்மலையனூர் அம்மனுக்கு முடி கொடுத்தவன் சந்தனத்தோடு வருவான். வெறும் தலையோடு வருகிறவன், அப்பாவைப் பறிகொடுத்தவன். துக்கத்தில் இருப்பவனை யாரும் ‘வாங்க’ என்று அழைப்பதில்லை, நாற்காலி போடுவதில்லை, இலை போடுவதில்லை, எப்படி ஆச்சு என்று வாய்விட்டுக் கேட்பதும் இல்லை. அவர்கள் ஒவ்வொன்றையும் முறைப்படித்தான் செய்திருக்கிறார்கள். நான்தான் என் அப்பாவைக் கொன்றுவிட்டு, எடுத்து முடித்த கையோடு சோறு தின்ன வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

வாயைத் திறந்தேன். என்ன சொல்வது, எங்கிருந்து தொடங்குவது? கேப்பை மாவிலிருந்தா?

அப்போது வாசலில் செருப்புச் சத்தம். குடையைக் கதவோரம் சாய்த்துவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அப்பா உள்ளே நுழைந்தார்.

“விக்கிரவாண்டியில வண்டி நின்னுபோச்சுப்பா, ஒரே பேஜாரு. இலை போட்டாச்சா?”

ஏகாம்பரம் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார். பெண் பார்க்க வந்தபோது அப்பாவோடு அரைமணி நேரம் மழையைப் பற்றிப் பேசியவர் அவர். பவுனம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அப்பா எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்தார், பாயைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார். அவருக்கு மூளை என்னைவிட வேகம்.

“யாரு, நானா?” என்றார்.

அவர் பாயில் உட்கார்ந்து, வாழைப்பழத்தை ஏகாம்பரத்தின் பக்கம் நகர்த்திவிட்டு நிதானமாகச் சொன்னார்.

“நான் நல்லாத்தான் இருக்கேன் சம்பந்தி. இவன்தான் பொண்ணுக்கு வரன் வரும்போது வயசு தெரியக் கூடாதுன்னு ரெண்டு மாசமா பாத்ரூம்ல ஒளிஞ்சிக்கினு தலைக்கு மை அடிச்சிக்கினு இருந்தான். அது புண்ணாப் பூடுச்சு. அதுக்கு ஊர்ல இருக்கிற தழையெல்லாம் அரைச்சுப் பூசிக்கினு, கடைசியில மொட்டை.”

ஊரில் யாருக்கும் தெரியாது என்று நான் நினைத்திருந்த ஒரே விஷயம் அது. பதினொரு மருந்துக்கும் கட்டம் போட்ட என் தாளில் அந்த டைக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

“உங்களுக்குத் தெரியுமா?” என்று அப்பாவைக் கேட்டேன்.

“மொத நாள்லேர்ந்து தெரியும். நீ கேக்கலியே.”

முதலில் சிரித்தது பவுனம்மாள். அப்புறம் ஏகாம்பரம், பிறகு உள்ளே இருந்த எத்தனையோ பேர். (ஏழு குரல்.) சரோஜா சிரிக்கவில்லை. அவள் பேருந்தில் ஏறும்வரை சிரிக்கவில்லை. அடுப்பு மறுபடி எரிந்தது. ஆனால் இலை உடனே வரவில்லை. பவுனம்மாள் சந்தனக் கட்டையும் கல்லும் எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து இழைத்தார்.

“இத்தைப் பூசிக்கினு உக்காருங்க. அப்பத்தான் இலை. அக்கம்பக்கத்துல எவனாச்சும் எட்டிப் பாத்தா நாங்க இன்னான்னு சொல்றது?”

இந்த முறை நான் உறுதியாக நிற்கவில்லை. தலையைக் குனிந்தேன். அவர் கை நிறைய எடுத்து, வறட்டி தட்டுவதுபோல் தட்டினார். குளுகுளுவென்று இறங்கியது. இரண்டு இருபதுக்கு இலை போட்டார்கள். அப்பா முதல் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்து, பாயசத்தை மூன்று முறை வாங்கிக்கொண்டார். அவர் சாப்பிட்டதை எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அடுத்த ஒரு மணி நேரத்தில் நான் சொறிந்தது நான்கு முறை. பதினொரு மருந்தும் செய்யாததை நான் வேண்டாம் என்ற பன்னிரண்டாவது செய்துவிட்டது. அதை எழுதிக்கொள்ளக் கையில் தாள் இல்லை.

(பிறகு பாண்டிச்சேரியில் ஒரு தோல் டாக்டரைப் பார்த்தேன். அந்த டையை விடுங்கள், கண்டதை அரைத்துப் பூசாதீர்கள் என்று சொல்லி ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். மொத்தம் மூன்று நிமிடம்.)

நான்கு மாதம் கழித்து உமாவுக்குக் கல்யாணம் நடந்தது. ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் நான் முள்ளம்பன்றிபோல நிற்கிறேன். அதன் பிறகு முடி முழுதாக வரவே இல்லை. பிடரியில் மட்டும் ஒரு வரிசை. அதற்கும் நாற்பது நாளைக்கு ஒரு முறை முருகேசனிடம் போய்வருவேன். வீட்டுக்குள் காலை வைத்ததும் சன்னலோரத்தில் அப்பா பேப்பரைத் தாழ்த்தி என் தலையைப் பார்ப்பார்.

“இன்னிக்கு யாருக்குடா?”

சலிக்காமல் கேட்டார். மருமகன் வீட்டார் வந்திருந்தாலும் கேட்டார், பேத்தி பெற்ற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டும் கேட்டார். பன்னிரண்டு வருடத்தில் நூற்று எட்டு முறை. எனக்கு எரிச்சலாக இருக்கும். பதில் சொல்லாமல் குளிக்கப் போய்விடுவேன்.

இரண்டாயிரத்து எட்டில் அவர் உண்மையாகவே போனார். எண்பத்தாறு வயது, படுக்கையில் கிடக்கவில்லை. முருகேசன்தான் கத்தியோடு வந்தார். அவருக்கும் நரைத்துவிட்டது. கிணற்றடியில் என்னை உட்காரவைத்து, தண்ணீர் தெளித்து, உச்சியைத் தடவிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் கத்தியைக் கையிலேயே வைத்திருந்தார்.

“இன்னா சார் எடுக்கிறது? பெரியவருக்குத் தொண்ணூத்தாறுலயே குடுத்துட்டீங்களே” என்றார்.

அழுதுகொண்டிருந்த பவுனம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. எதற்குக் குலுங்கியது என்று நான் கேட்கவில்லை. பிடரியில் இருந்த ஒரு வரிசையையும் மீசையையும் எடுத்தார்கள்.

அது வளர்ந்து, நாற்பதோ ஐம்பதோ நாள் கழித்து மறுபடி முருகேசன் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். வீட்டுக்குள் காலை வைத்ததும் பழக்கத்தில் நின்றேன். சன்னலோரம் நாற்காலி காலியாக இருந்தது. பேப்பர் பிரிக்காமல் மடித்தபடி கிடந்தது. சமையலறையில் சரோஜா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெந்தயம் தாளித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

“இன்னிக்கு யாருக்குங்க?” என்றாள்.

நூற்று ஒன்பது.